பல்லின் மேல் ஒரு பூச்சு

'கறை' என்று சொல்லும்போதே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டியது, ஒழுங்காகத் தேய்த்தால் போய்விடும் என்ற தீர்ப்பு. வெற்றிலைக் கறை, டீக் கறை, புகையிலைக் கறை எல்லாம் அப்படித்தான். என் பல்லில் இருப்பதையும் கறை என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் பார்த்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி "பல்லு வெளக்க மாட்டியா?" என்பதாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டார். ஹாஸ்டலில் வார்டன் கேட்டார். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெரியம்மா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு பாக்கு கீக்கு போடுமா?" என்று விசாரித்தார்.

என் ஊர் தர்மபுரி மாவட்டம், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2008இல் ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறினேன். முதலில் ஒரு செல்போன் கம்பெனி. அது மூடிய பிறகு, ஒரகடம் சாலையில் கார்களுக்கு பம்பர் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெயின்ட் ஷாப்பில் தரம் பார்க்கிற வேலை. வயது முப்பத்தாறு. என் மேல்வரிசை முன்பற்கள் ஆறிலும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டு, அதன்மேல் குறுக்காகக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பட்டை. நடுப்பற்கள் இரண்டில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். வலி இல்லை, கூச்சம் இல்லை, இதுவரை ஒரு சொத்தைகூட இல்லை.

போன வருடம் இந்தப் பற்களுக்கு வெனீர் வைக்கலாமா, வைத்தால் எந்த வெனீர் என்று ஐந்து மாதம் அலைந்தேன். வெனீர் என்றால் பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டுகிற மெல்லிய ஓடு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்ததுவரை, அதற்குப் பிறகும், இந்தச் சாலைக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். கிருஷ்ணகிரி, சேலம் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலருக்கு என்னுடையதைப் போன்ற பல். அவர்கள் சம்பளம் கைக்கு வந்ததும் ஏறிப் பார்க்கிற இடங்களில் பல் கிளினிக்கும் ஒன்று. அதனால் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

பாறைத் தண்ணீர்

நிலைப்பற்களின் எனாமல், பல் ஈறுக்குள் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகிறது. முன்பற்களுக்கு அது கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கி ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் நடக்கிறது. ஞானப்பல்லை விட்டுவிட்டால், எட்டு வயதுக்குள் எல்லாப் பற்களின் எனாமலும் தயார். அந்த வருடங்களில் குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் எனாமலைக் கட்டுகிற செல்களின் வேலை கெடுகிறது. மேல்தோல் கெட்டியாக இருக்கும், அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத துளைகள். வெளிச்சம் அந்தத் துளைகளில் சிதறுவதால்தான் பல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. பல் முளைத்த பிறகு, சாப்பாட்டிலும் டீயிலும் இருக்கிற நிறம் அந்தத் துளைகளுக்குள் மெல்ல மெல்ல இறங்கிப் பழுப்பாகிறது.

அதாவது என் பல்லில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. வெள்ளைத் திட்டு பல்லோடு பிறந்தது. பழுப்பு பிறகு வந்தது. டாக்டர் இதைச் சொன்னபோது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கடைசியில் முடிவெடுக்க உதவியது இதுதான்.

குடிநீரில் ஃப்ளோரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராம் என்று வைத்து, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. தர்மபுரியின் அடியில் கிடப்பது பழைய கெட்டிப் பாறை. அதன் தாதுக்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. ஆழத்தில் பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டுக் கிணறு வற்றி, தெருவில் போர் போட்டு, கைப்பம்பு வைத்தார்கள். "ஐஸு மாதிரி தண்ணி" என்று அம்மா இன்றைக்கும் அந்தப் பம்பைப் பெருமையாகச் சொல்வார். நான் வளர்ந்தது அந்தத் தண்ணீரில்.

இந்தப் பல்லுக்குக் காரணம் தண்ணீர் என்பதை அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவர் முப்பது வருடம் துரத்திக் கண்டுபிடித்தார். ஃப்ரெடெரிக் மெக்கே 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்தபோது, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லெல்லாம் பழுப்பாக இருப்பதைப் பார்த்தார். 1920களில் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சின்ன ஊரில், வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல் கெட்டது என்று தாய்மார்கள் சொன்னார்கள். அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார் மெக்கே. சில வருடங்களில் அங்கே முளைத்த நிலைப்பற்கள் சுத்தமாக இருந்தன. ஆனாலும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. 1931இல் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் அது ஃப்ளோரைடு என்று கண்டுபிடித்தார். அலுமினியப் பாத்திரத்தின்மேல் பழி வந்துவிடுமோ என்ற கவலையும் அந்த நிறுவனத்துக்கு இருந்தது.

நம் பக்கத்தில் இது பதிவானதற்கும் அதிகக் காலம் ஆகவில்லை. 1937இல், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த எச். ஈ. ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளோரைடு தண்ணீர் பல்லோடு நிற்காமல் எலும்பையும் இறுக்கிவிடுவதை எழுதினார்கள். முதுகு வளையாமல் போன ஆட்களைப் பற்றிய கட்டுரை அது. எங்கள் ஊரிலும் அப்படி நடந்த தாத்தாக்கள் உண்டு. வயசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் இருக்கிறது. 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து கொஞ்ச காலம் நின்றது. ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்ட திட்டம், 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. என் அண்ணன் மகன் 2014இல் பிறந்தான். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்த பிறகு பிறந்தவன். அவனுக்கு ஏழு வயதில் முன்பல் முளைத்தபோது அண்ணி வீடியோ கால் போட்டு அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். சாதாரணப் பல். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பல்லை நான் அதுவரை பார்த்ததில்லை.

பெயின்ட் ஷாப்பில் கற்றது

பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதன்மேல் சும்மா பெயின்ட் அடித்தால் ஒட்டாது. முதலில் கழுவி எண்ணெய்ப்பசை எடுக்க வேண்டும். பிறகு ரோபோ ஒரு தீச்சுடரை அதன்மேல் ஓடவிடும். ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் ஒவ்வோர் இடத்திலும் தீ படும், பிளாஸ்டிக் உருகாது. ஆனால் அதன் மேல்பரப்பின் குணம் மாறி பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிரைமர், அதன்மேல் நிறம், அதன்மேல் கிளியர் கோட். எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கிழித்து, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்ப்போம். டேப்போடு பெயின்ட் வந்தால் "பல்லிளிச்சிருச்சு" என்பார்கள் லைனில். பளபளப்பில் குறை இருந்தால் சரிசெய்யலாம். அடிப்பரப்பைச் சரியாகத் தயார் செய்யவில்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட்டும் நிற்காது.

இதை நான் சொன்னபோது டாக்டர் சிரித்தார். "எங்க தொழிலே உங்க தொழில்லேர்ந்து வந்ததுதான்மா."

அது உண்மை. ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் 1920களின் கடைசியிலிருந்தே நடிகர்களுக்கு வெனீர் செய்துகொடுத்தார். ஆனால் அது பல்செட் ஒட்டுகிற பொடியால் ஒட்டுவது. ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பல்லோடு நிரந்தரமாக ஒட்டுகிற வழி 1955வரை கிடைக்கவில்லை. அந்த வருடம் மைக்கேல் புவோனகோர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், தொழிற்சாலைகளில் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காக உலோகத்தின்மேல் பாஸ்பாரிக் அமிலம் பூசுகிறார்களே, அதையே எனாமலில் செய்து பார்க்கலாமே என்று யோசித்தார். அமிலம் எனாமலில் நுண்ணிய குழிகளை உண்டாக்கியது, பிசின் அதற்குள் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு நம் ஊர் கிளினிக்கில் பல்லில் தடவுகிற நீல நிற ஜெல் அந்தப் பாஸ்பாரிக் அமிலம்தான். பெயின்ட் ஷாப்பில் உலோகத்துக்கு பாஸ்பேட்டிங் செய்கிற தொட்டி நினைவுக்கு வந்தது.

1983 வாக்கில் அடுத்த படி. பீங்கான் ஓட்டின் உட்பக்கத்தையும் அமிலத்தால் அரித்துவிட்டால் இரண்டு பக்கமும் பிசின் பிடிக்கும் என்று கண்டார்கள். பீங்கானை அரிக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வேண்டும். வாய்க்கு வெளியே வைத்துச் செய்கிற வேலை அது. என் பல்லைக் கெடுத்த ஃப்ளோரின்தான், அந்தக் கெடுதியை மறைக்கிற ஓட்டை ஒட்டவைக்கவும் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. ஃப்ளோரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. வழக்கமாக 15 முதல் 30 விநாடி அமிலம் வைத்தால் போதும். எங்கள் பல்லுக்கு மேல்தோலை லேசாக உராய்ந்துவிட்டு, கூடுதல் நேரம் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டினால் கழன்று வருகிற வாய்ப்பு அதிகம். பாலிப்ரொப்பிலீனை நெருப்புக் காட்டாமல் பெயின்ட் அடிப்பது மாதிரி.

மூன்று கிளினிக், மூன்று பட்டியல்

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோவில் பக்கம் வந்தாலும் சரி, பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் போனாலும் சரி, பல் கிளினிக் போர்டு கண்ணில் படாமல் இருக்காது. மூன்று இடங்களில் கேட்டேன். எனக்குச் சொன்ன விலைகள் இவை. காம்போசிட் வெனீர் ஒரு பல்லுக்கு 3,500 ரூபாய். ஈ-மேக்ஸ் என்கிற லித்தியம் டைசிலிகேட் செராமிக் ஒரு பல்லுக்கு 12,000. ஆறு பல்லுக்குக் கணக்குப் போட்டால் 21,000, 72,000. இது அழகு சிகிச்சை என்பதால் காப்பீட்டில் வராது. நான் கேட்டு வாங்கிக் குடித்த தண்ணீரா என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

காம்போசிட் என்பது சொத்தைப் பல் அடைக்கிற அதே பல் நிறப் பிசின். டாக்டரே நாற்காலியில் உட்காரவைத்து, அடுக்கடுக்காகப் பல்லின்மேல் வைத்து, நீல விளக்கைக் காட்டிக் கெட்டியாக்கி, உருவம் கொடுத்து மெருகேற்றுவார். ஒரே நாளில் முடியும். பல்லை ராவ வேண்டிய அளவு மிகக் குறைவு, சில சமயம் தேவையே இல்லை. ஆனால் நாளாக ஆக மெருகு மங்கும், டீயும் மஞ்சளும் பிடிக்கும், ஓரம் உடையும். உடைந்தால் அங்கேயே ஒட்டுப்போடலாம். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய பராமரிப்பு வரும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

செராமிக்குக்கு முதலில் பல்லின் முகப்பை 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர்வரை ராவி, அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். ஓடு வந்ததும் ஒட்டுவார்கள். கறை பிடிக்காது, மெருகு போகாது, நன்றாகச் செய்தால் பத்து, பதினைந்து வருடம் தாங்குவது சாதாரணம். உடைந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ராவிய பல் திரும்ப வளராது என்பதால், ஒருமுறை செராமிக்கில் இறங்கினால் ஆயுள் முழுக்க அந்தப் பல்லின்மேல் ஏதாவது ஓர் ஓடு இருந்தே ஆக வேண்டும். ராவாமலே ஒட்டுகிற மெல்லிய ஓடுகளும் உண்டு. சின்னப் பல்லாகவோ இடைவெளியோடு இருக்கிற பல்லாகவோ இருந்தால் அது பொருந்தும். என்னைப் போல் பழுப்புப் பட்டை உள்ளவர்களுக்கு அடியில் இருப்பது தெரியும், அதை மறைக்கத் தடிமனாக்கினால் பல் தூக்கித் தெரியும்.

மூன்று இடத்திலும் இந்த இரண்டின் பெயரையும் விலையையும்தான் முதலில் சொன்னார்கள். எனாமல் எவ்வளவு தடிமன் என்று நானாகத்தான் கேட்டேன். முன்பல்லின் முகப்பில் நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், ஈறு ஓரத்தில் அதில் பாதிகூட இருக்காது. எனாமலுக்குள் நின்றால் பிசின் நன்றாகப் பிடிக்கும். அதைத் தாண்டி டென்டினுக்குள் போய்விட்டால் பிடிப்பும் குறையும், கூச்சமும் தொடங்கும். பெயின்ட்டின் தடிமனை மைக்ரானில் அளந்து பழகியவளுக்கு இந்த எண்கள் பயமாக இருந்தன. 0.7 மில்லிமீட்டர் என்றால் எழுநூறு மைக்ரான். எங்கள் பம்பரில் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே நூறு மைக்ரானுக்குப் பக்கத்தில்தான் வரும்.

என் பயத்துக்குக் காரணம் எண் மட்டும் இல்லை. ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருத்தி, எங்களைப் போலவே பட்டைப் பல்காரி, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கோ ஓர் இடத்தில் எட்டுப் பல்லுக்கு 'வெனீர்' வைத்துக்கொண்டு வந்தாள். பார்க்கப் பளீரென்று இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒன்று கழன்றபோதுதான் அடியில் இருந்ததைப் பார்த்தோம். நான்கு பக்கமும் ராவி, ஆப்பு மாதிரி சிறுத்துப்போன பல். அவளுக்கு வைத்தது கேப். கேப் வைக்கப் பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டும். சொத்தை விழுந்து உடைந்த பல்லுக்குச் செய்கிற வேலையை, ஒரு குறையும் இல்லாத பல்லுக்குச் செய்திருந்தார்கள். பிறகு இரண்டு பல்லுக்கு ரூட் கேனால். ஐஸ்கிரீமைப் பார்த்தாலே இப்போதும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள்.

இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். "பாப்பா, உங்க அப்பனுக்கு எழுபது வயசு. ஒரு பல்லு ஆடல. கரும்ப கடிச்சுத் திங்கறாரு. அந்தப் பல்லப் போயி ராவச் சொல்றியா?" என்றார். மெக்கேயும் இதையே எழுதியிருக்கிறார். பழுப்புப் பல்காரர்களுக்குச் சொத்தை குறைவாக இருந்தது அவருக்குப் புதிராக இருந்தது. அமெரிக்காவில் பிறகு குடிநீரில் கொஞ்சமாக ஃப்ளோரைடு சேர்க்கத் தொடங்கியதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தர்மபுரியா அக்கா?

பதினாறு வருடத்தில் பெரும்பகுதி முகமூடிக்குப் பின்னால் வேலை செய்தவள் நான். பெயின்ட் ஷாப்பில் தூசுக்காக மாஸ்க். கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டபோது எனக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. போன வருடம் டிரெய்னராக்கினார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு வகுப்பறையில் நின்று பேச வேண்டும், மாஸ்க் இல்லாமல். வெனீர் யோசனை அப்போதுதான் வந்தது.

இரண்டாவது பேட்ச்சில், முதல் நாள் டீ நேரத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, நீங்க தர்மபுரியா?"

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். அதே பட்டை, என்னுடையதைவிடக் கொஞ்சம் வெளிறியது. "நான் பென்னாகரம்க்கா." அன்றிலிருந்து ஹாஸ்டல் சாப்பாடு, ஷிஃப்ட் மாற்றல், வீட்டு ஞாபகம் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவாள். இந்தப் பல்லை எடுத்துவிட்டால் அடுத்த பேட்ச்சில் வருகிறவளுக்கு என்னை அடையாளம் தெரியாதே என்று ஒரு நாள் தோன்றியது. அதற்காகப் பல்லை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வகுப்பில் நிற்கும்போது கை தானாக வாய்ப்பக்கம் போவது எனக்குத் தெரியும். அது நிற்க வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

ரீவொர்க்

எங்கள் லைனில் கிளியர் கோட்டில் ஒரு தூசு விழுந்துவிட்டால் பம்பரை மறுபடி பெயின்ட் அடிக்க அனுப்ப மாட்டோம். 2000 நம்பர் பேப்பரால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பாலிஷ் போட்டு அனுப்புவோம். அதற்கு மேல் போனால்தான் மறுபூச்சு. குறை எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்குவரை மட்டும் போ என்பதுதான் ரீவொர்க்கின் முதல் பாடம்.

பல்லிலும் அப்படி ஒரு படிவரிசை இருக்கிறது. முதல் படி ப்ளீச்சிங். வாய்க்கு அளவெடுத்த மெல்லிய டிரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்துத் தூங்கும்போது போட்டுக்கொள்வது. 1989இல் நடைமுறைக்கு வந்த முறை. இரண்டாவது மைக்ரோ அப்ரேஷன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தேய்ப்புத் துகளும் கலந்த பசையால் எனாமலின் மேல்பரப்பைச் சில பத்து முதல் இருநூறு மைக்ரான்வரை உராய்ந்து எடுப்பது. மூன்றாவது, அமிலத்தால் மேல்தோலைத் திறந்து, துளைகளுக்குள் நீர் போன்ற பிசினை இறக்குவது. துளை நிரம்பினால் ஒளி சிதறாது, வெள்ளைத் திட்டு மங்கும். நான்காவது காம்போசிட். செராமிக் ஐந்தாவது. கேப் இந்த வரிசையிலேயே இல்லை.

மூன்றாவது கிளினிக் டாக்டரிடம் இதையெல்லாம் கேட்டபோது, அவர்தான் பழுப்பையும் வெள்ளையையும் பிரித்துச் சொன்னார். "பழுப்பு அப்புறம் வந்தது. முதல்ல அதை எடுக்கலாம். எடுத்த பிறகு வெனீர் வேணுமான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. வேணும்னாலும் அடியில நிறம் இல்லாததால மெல்லிசா வைக்கலாம், குறைவா ராவலாம்." இது எனக்கு உடனே புரிந்தது. சிவப்பு, மஞ்சள் மாதிரியான நிறங்களுக்கு மறைக்கிற சக்தி குறைவு. அதை அடிக்கும்போது நிறத்தைத் தடிமனாக அடிக்காமல் அடியில் பிரைமர் நிறத்தை மாற்றுவோம்.

அப்படியே செய்தோம். இரண்டு தடவை மைக்ரோ அப்ரேஷன், மூன்று வாரம் ப்ளீச்சிங். நைட் ஷிஃப்ட் வாரத்தில் டிரேயைப் பகலில் போட்டுக்கொண்டு தூங்கினேன். முதல் வாரம் கொஞ்சம் பயமாக இருந்தது. மற்ற இடம் வெளுக்கும்போது வெள்ளைத் திட்டும் கூடவே வெளுத்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. பிறகு சமனானது. பழுப்புப் பட்டை வெளிறிய டீ நிறத்துக்கு வந்து, இரண்டடி தள்ளி நின்றால் தெரியாத அளவுக்குப் போனது. குழி விழுந்திருந்த நடுப்பற்கள் இரண்டுக்கு மட்டும் காம்போசிட் வெனீர் வைத்தேன். குழியை நிரப்ப வேறு வழி இல்லை. மற்ற நான்கும் என் பல்லாகவே இருக்கின்றன, வெள்ளைத் திட்டோடு. மொத்தம் 17,000 ரூபாய் ஆனது.

செராமிக்கை ஏன் விட்டேன் என்று தோழிகள் கேட்கிறார்கள். என் கணக்கு இதுதான். முப்பத்தாறில் வைத்தால் ஐம்பத்தொன்றில் ஒருமுறை மாற்ற வேண்டும், அறுபத்தாறில் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் பழையதை எடுக்கும்போது பல்லில் கொஞ்சம் போகும். காம்போசிட்டுக்கு அடிக்கடி செலவு வரும், ஆனால் தேய்வது அதுதான், பல் இல்லை. குழி ஆழமாக விழுந்து ஓரமெல்லாம் உதிர்ந்துபோன பல்லாக இருந்தால் நானும் செராமிக்குக்கே போயிருப்பேன். அப்படிப்பட்ட பல்லும் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

நிறம் தேர்ந்தெடுத்த நாளில் என் தொழில் கொஞ்சம் உதவியது. பம்பர் எங்களிடம் பெயின்ட் ஆகிறது, காரின் உடல் கார் கம்பெனியில் ஆகிறது. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது நிறம் பிரிந்து தெரியக்கூடாது. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்து வெயிலில் பிரிகிற நிறங்கள் உண்டு. அதனால் இரண்டு மூன்று வெளிச்சத்தில் பார்ப்போம். பல் டாக்டரிடம் விட்டா என்ற நிற வரிசை இருக்கிறது, பதினாறு நிறம். மேலே எரிகிற பெரிய விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரும் அதைத்தான் செய்யவிருந்தார். அதுவும் வேலை தொடங்கும் முன்பே, பல் ஈரமாக இருக்கும்போதே. வாயைத் திறந்துவைத்துப் பல் காய்ந்துவிட்டால் இருப்பதைவிட வெளுத்துத் தெரியும். ஃப்ளெக்ஸ் பேனரில் சிரிக்கிறவர்களின் பல் அந்தப் பதினாறு நிறத்திலும் கிடையாது. அதைவிடவும் வெளுப்பு. நான் எடுத்தது கொஞ்சம் மஞ்சள் கலந்த ஏ2. பக்கத்துப் பல்லோடு சேர்ந்து நிற்க வேண்டுமே.

பென்னாகரத்துப் பெண்ணுக்கு இப்போது இருபது வயது. அவளும் கேட்கத் தொடங்கியிருக்கிறாள், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எந்த வெனீர் நல்லது என்று கேட்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியது நாலு. என் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள்? எனாமலுக்குள் நிற்குமா? பழுப்பை முதலில் எடுத்துப் பார்க்கலாமா? பின்னால் கழன்றால் அடியில் என்ன இருக்கும்? இந்த நாலுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிற இடத்தில் செய்துகொள், கல்யாணத் தேதியை மட்டும் அவர்களிடம் முதலில் சொல்லாதே என்றேன். எழுதிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அந்த டாக்டரிடம் போகிறோம். எனக்கும் வருடாந்தர பாலிஷ் வந்துவிட்டது.